கட்டளை மறந்துபோனால் எந்தக் கால்குலேட்டர் கைகொடுக்கும்?

கிராஃபிங் கால்குலேட்டரில் புரோகிராம் எழுதுகிறவருக்குக் கணக்கு மறப்பதில்லை, கட்டளைதான் மறக்கிறது. லூப் போடத் தெரியும், நிபந்தனை வைக்கத் தெரியும். ஆனால் அந்தக் கட்டளை எந்த மெனுவுக்குள் இருக்கிறது, அதற்கு எத்தனை உள்ளீடு, எது முன்னால், எது பின்னால் என்பதெல்லாம் கொஞ்ச நாள் கருவியைத் தொடாமல் வைத்தாலே கலைந்துவிடும். அந்த நேரத்தில் பதில் எவ்வளவு சீக்கிரம் கைக்கு வருகிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து இரண்டு கருவிகளைப் பார்த்தேன். ஒன்று, 2015-ல் வந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டிஐ-84 பிளஸ் சிஇ. மற்றொன்று, 2006-ல் வந்த ஹெச்பி 50ஜி. இரண்டாவதன் தயாரிப்பு நின்றுவிட்டது. பழைய பொருளாகத்தான் வாங்க வேண்டும்.

நம் கல்லூரித் தேர்வறைகளில் புரோகிராம் செய்யும் கால்குலேட்டரை அனுமதிப்பதில்லை என்பதால் இங்கே பலர் இவற்றைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் பள்ளி செல்லும் உறவுக்காரப் பிள்ளைகளின் பையில் டிஐ-84 இருக்கும். 50ஜி பெரும்பாலும் பொறியாளர்கள், சர்வேயர்களின் மேஜையில் வாழ்ந்த கருவி.

டிஐ-84: எழுத முடியாது, எடுக்கத்தான் முடியும்

டிஐ-84-ன் பேசிக் மொழியில் ஒவ்வொரு கட்டளையும் ஒரு முழு டோக்கன். திரையில் ஒரு வரியைக் காட்டும் ‘டிஸ்ப்’ கட்டளையை ஆல்ஃபா பட்டனை அழுத்தி டி, ஐ, எஸ், பி என்று எழுத்து எழுத்தாக அடித்தால், நான்கு மாறிகளைப் பெருக்கச் சொல்வதாகக் கருவி எடுத்துக்கொள்ளும். மெனுவிலிருந்து எடுத்து ஒட்டினால்தான் அது கட்டளை. எனவே இங்கே முதல் கேள்வி ‘இது என்ன செய்யும்?’ அல்ல, ‘இது எங்கே இருக்கிறது?’

புரோகிராம் எழுதும் திரையில் பிஆர்ஜிஎம் பட்டனைத் தட்டினால் கட்டுப்பாட்டுக் கட்டளைகள் ஒரு பக்கம், உள்ளீடு-வெளியீட்டுக் கட்டளைகள் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். டிஸ்ப் இரண்டாவது பக்கத்தில் 3-வது வரி. இது ஒரு நாளில் பழகிவிடும். புதியவரைத் திணறடிப்பது வேறு: சமக்குறியே விசைப்பலகையில் கிடையாது. செகண்ட் பட்டனோடு மேத் பட்டனை அழுத்தினால் வரும் ‘டெஸ்ட்’ மெனுவுக்குள் அது ஒளிந்திருக்கிறது. பெரிது, சிறிது குறிகளும் அங்கேதான். ‘அண்ட்’, ‘ஆர்’ இரண்டும் அதற்குப் பக்கத்து மெனு.

இந்தத் தேடலுக்கெல்லாம் கருவிக்குள்ளேயே ஒரு குறுக்குவழி உண்டு. செகண்ட், பிறகு 0. கேட்டலாக் என்ற அகரவரிசைப் பட்டியல் திறக்கும். ஆல்ஃபா தானாகவே பூட்டிக்கொள்வதால் ஒரு எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்தில் தொடங்கும் இடத்துக்குப் போய்விடலாம். வேண்டிய கட்டளையில் நின்று கூட்டல் பட்டனை அழுத்தினால், அது கேட்கும் உள்ளீடுகள் வரிசையாகத் திரையில் வரும். ‘ஃபார்’ லூப்புக்கு மாறி, தொடக்கம், முடிவு, விருப்பப்பட்டால் அதிகரிப்பு. அங்கேயே மதிப்புகளை நிரப்பி அப்படியே புரோகிராமில் ஒட்டலாம். கேட்டலாக்கில் மட்டுமல்ல, சாதாரண மெனுக்களிலும் இதே கூட்டல் பட்டன் வேலை செய்யும். வருடக்கணக்கில் டிஐ-84 வைத்திருந்தும் இந்த ஒரு பட்டனைப் பற்றித் தெரியாதவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் அது பெயரைச் சொல்லும், எல்லையைச் சொல்லாது. ‘அவுட்புட்’ கட்டளைக்கு வரிசை எண், நெடுக்கை எண், உரை என்று காட்டும். சிஇ திரையில் 10 வரிசை, 26 நெடுக்கை. பழைய டிஐ-84 பிளஸில் 8 வரிசை, 16 நெடுக்கைதான் என்பதைக் காட்டாது. பழைய மாடலுக்கு எழுதிய குறிப்பைப் பார்த்து சிஇ-யில் அடித்தால் எல்லாம் இடது மேல் மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

அழுத்திய பட்டனை எண்ணாகத் தரும் ‘கெட்கீ’ கட்டளைக்கு உள்ளீடே இல்லை. அங்கே நமக்கு வேண்டியது எந்தப் பட்டனுக்கு எந்த எண் என்பது. அதற்குப் பட்டியல் தேவையில்லை. மேலிருந்து எண்ணிய வரிசையைப் பத்தால் பெருக்கி, இடமிருந்து எண்ணிய இடத்தைக் கூட்டினால் போதும். கிளியர் 4-வது வரிசையில் 5-வது, ஆகவே 45. என்டர் 10-வது வரிசையில் 5-வது, ஆகவே 105. அம்புக்குறிகளை மட்டும் தனியாக நினைவில் வைக்க வேண்டும்: இடது 24, மேல் 25, வலது 26, கீழ் 34.

ஹெச்பி 50ஜி: பெயர் தெரியும், வரிசை?

50ஜி இதற்கு நேரெதிர். கட்டளையின் பெயர் நினைவிருந்தால் ஆல்ஃபா போட்டு அப்படியே அடித்துவிடலாம். மெனு எங்கே என்ற கவலை கிடையாது. சிக்கல் அடுத்த படியில் வருகிறது. இதன் ஆர்பிஎல் மொழியில் உள்ளீடுகளை முதலில் ஸ்டாக்கில் அடுக்க வேண்டும், கட்டளை கடைசியில். ஒரு பட்டியலின் நடுப்பகுதியை வெட்டி எடுக்கும் ‘சப்’ கட்டளைக்குப் பட்டியல், தொடக்கம், முடிவு என்று மூன்றுதான்; யூகித்தே போட்டுவிடலாம். பயனரிடம் படிவம் காட்டி மதிப்பு வாங்கும் ‘இன்ஃபார்ம்’ அப்படியல்ல. தலைப்பு, கட்டங்களின் பட்டியல், அமைப்பு, மீட்டமைப்பு மதிப்புகள், தொடக்க மதிப்புகள் என்று ஐந்து. திரும்பி வருவதும் ஒரே மாதிரி இல்லை. பயனர் சரி என்றால் மதிப்புப் பட்டியலும் அதற்கடுத்து ஒரு 1-ம் வரும். ரத்து செய்தால் வெறும் 0. இந்த ஒரு தகவல் இல்லாமல் அடுத்த வரியை எழுதவே முடியாது.

கருவிக்குள் உதவி இருக்கிறதா? டூல், நெக்ஸ்ட், ஹெல்ப் என்று போனால் ஒரு நல்ல உதவித் திரை திறக்கும். ஒரு சிறு விளக்கம், ஒரு எடுத்துக்காட்டு, தொடர்புடைய கட்டளைகளின் பெயர்கள். ‘எக்கோ’வைத் தட்டினால் அந்த எடுத்துக்காட்டே ஸ்டாக்குக்கு வந்துவிடும், ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம். சிறிய கருப்பு வெள்ளைத் திரையில் இதைவிட நேர்த்தியாகச் செய்வது கடினம். குறை என்னவென்றால், இந்த உதவி முழுக்க இயற்கணிதக் கட்டளைகளுக்கானது. காரணிப்படுத்த, தொகையிட வழி சொல்லும். இன்ஃபார்ம், சப், டூலிஸ்ட் போன்ற புரோகிராம் கட்டளைகளைப் பற்றி மூச்சு விடாது. கேட்டலாக்கில் அவற்றின் பெயர் வரும். பெயர் நமக்கு ஏற்கெனவே தெரியும்.

ஆனால் பிழைச் செய்தியைச் சரியாகப் படித்தால் அதுவே பாதி கையேடு. ‘டூ ஃப்யூ ஆர்க்யுமென்ட்ஸ்’ என்றால் எண்ணிக்கை போதவில்லை. ‘பேட் ஆர்க்யுமென்ட் டைப்’ என்றால் எண்ணிக்கை போதும், வரிசையோ வகையோ தவறு. ‘பேட் ஆர்க்யுமென்ட் வேல்யூ’ என்றால் வரிசையும் வகையும் சரி, மதிப்பு எல்லை தாண்டுகிறது. வாங்கி வந்த அமைப்பிலேயே விட்டிருந்தால், பிழை வந்ததும் போட்ட உள்ளீடுகள் பழையபடி ஸ்டாக்கில் வந்து நிற்கும். ஆகவே இடம் மாற்றி மாற்றிச் சோதிப்பதில் நஷ்டமில்லை. இரண்டு, மூன்று உள்ளீடு கேட்கும் கட்டளைகளுக்குக் கையேட்டைத் திறப்பதைவிட இது வேகம்.

கருவியின் அமைப்புகளைக் குறிக்கும் சிஸ்டம் ஃபிளாக் எண்களையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். மோட் திரையில் ஃபிளாக்ஸ் என்பதைத் தட்டினால் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே அதன் பொருள் எழுதியிருக்கும்.

தடித்த கையேடும் ஒற்றைப் பக்க அட்டையும்

50ஜி-க்கான முழு விவரமும் மேம்பட்ட பயனர் கையேட்டில் உண்டு. 600 பக்கங்களுக்கு மேல். ஒவ்வொரு கட்டளைக்கும் விளக்கம், போகும் வழி, பாதிக்கும் ஃபிளாக்குகள், உள்ளீடு-வெளியீட்டு அட்டவணை என்று ஒரே ஒழுங்கில் எழுதியிருக்கிறார்கள். எழுதும் வேகத்தில் நமக்கு வேண்டியது அந்த அட்டவணை மட்டும். போனில் பிடிஎஃப்பாக வைத்துத் தேடினால் ‘சப்’ என்ற மூன்றெழுத்து, கழித்தலிலிருந்து துணை டைரக்டரி வரை எங்கெங்கோ அகப்படும். தேடலை விட்டுவிட்டு, கட்டளை அகராதி தொடங்கும் அத்தியாயத்தில் எழுத்துக்கு ஒரு புக்மார்க் போட்டு வைப்பதே மேல்.

கைமாறி வரும் சுருக்க அட்டைகள் பலவும் 1993-ல் வந்த ஹெச்பி 48ஜிஎக்ஸ் காலத்தவை. மொழி ஒன்றே என்பதால் பெரும்பகுதி 50ஜி-யிலும் ஓடும். மாட்டிக்கொள்ளும் இடம் ‘டைப்’ கட்டளை. 48-ல் சாதாரண எண் என்றால் வகை 0. 50ஜி-யில் புள்ளி வைத்து 5. என்று அடித்தால்தான் 0. புள்ளி இல்லாத 5 முழு எண்ணாகி, வகை 28 என்று வரும். வகை 0 தானா என்று மட்டும் பார்க்கும் பழைய புரோகிராம், 5 கொடுத்தால் ‘இது எண்ணே இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிடும்.

கடைசியில் எனக்குப் பயன்பட்டது சொந்தமாக எழுதிய ஒரு அட்டை. மூன்று பத்தி: ஸ்டாக்கில் கீழ் வரியில் இருக்க வேண்டியது கடைசியாக வரும்படி உள்ளீடுகள், கட்டளை, திரும்பி வருபவை. கட்டளை என்ன செய்யும் என்ற விளக்கத்துக்கு அதில் இடமில்லை. அது தெரியாமலா தேடுகிறோம்? தேர்ந்தெடுக்க ஒரே விதி: மூன்றுக்கு மேல் உள்ளீடு கேட்பது, அல்லது திரும்பத் தருவது இடத்துக்கு இடம் மாறுவது. இன்ஃபார்ம் வரியில், கடைசி மூன்றும் வெற்றுப் பட்டியலாக இருந்தாலும் ஓடும் என்று ஒரு குறிப்பு. இதையே கருவிக்குள்ளும் வைக்கலாம். ஒரு குறிப்பை உரையாக ஒரு மாறியில் சேமித்தால், அதன் மெனு பட்டனைத் தட்டியதும் ஸ்டாக்கில் வந்து நிற்கும். அடிக்கடி வேண்டிய கட்டளைகளைக் கஸ்டம் மெனுவில் அடுக்கினால் அடிக்கும் வேலையும் மிச்சம்.

எதை வாங்கலாம்?

புரோகிராம் எழுதத் தொடங்குகிறவருக்கு டிஐ-84 பிளஸ் சிஇ போதும். கேட்டலாக்கும் கூட்டல் பட்டனும் பெரும்பாலான சந்தேகங்களை அங்கேயே தீர்க்கும். திரை அளவையும் கெட்கீ கணக்கையும் ஒரு சிறு அட்டையில் குறித்துக்கொண்டால் வேறு காகிதம் வேண்டாம்.

50ஜி அதைவிட மிகப் பெரிய கருவி. ஆனால் புரோகிராம் கட்டளைகளுக்கு உள்ளே உதவி இல்லாததால், கையேடும் சொந்த அட்டையும் இல்லாமல் இதை வாங்குவது வீண். ஸ்டாக் முறையில் ஏற்கெனவே கை பழகியவர்கள் மட்டும் பழைய சந்தையில் தேடலாம்.

ஹெச்பியே வேண்டும், உதவியும் கைக்கருகில் வேண்டும் என்பவர்கள் 2013-ல் வந்த ஹெச்பி பிரைமைப் பார்க்கலாம். அதில் ஹெல்ப் என்று தனிப் பட்டனே உண்டு. மெனுவில் கட்டளை மேல் நின்று அதை அழுத்தினால் எழுதும் முறையும் எடுத்துக்காட்டும் வந்துவிடும். மொழி மட்டும் ஆர்பிஎல் இல்லை, 50ஜி-க்கு எழுதிய புரோகிராம்கள் அதில் ஓடாது. கடையில் எதை எடுத்துப் பார்த்தாலும், கணக்குப் போட்டுச் சோதிக்காதீர்கள். கையேட்டை மூடிவைத்து, தெரியாத ஒரு கட்டளையின் உள்ளீடுகளை அந்தக் கருவியிடமே கேட்டுப் பாருங்கள்.