பாடநூல் தெரிவும் மக்கள் நோக்கும்

இந்தியக் குடியியற் சேவைத் தேர்விலே பொது நிருவாகத்தை விருப்பப் பாடமாகக் கொள்வோர், நிருவாகக் கோட்பாடு, இந்திய நிருவாகம் என்னும் இரு வினாத்தாள்களுக்கு விடையளித்தல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 250 புள்ளிகள். இதற்கான நூலைத் தெரிவோர் சுருக்கத்தையும் பாடத்திட்டப் பொருத்தத்தையுமே பெரிதும் நோக்குகின்றனர். இவை வேண்டியனவே, ஆயினும் போதியன அல்ல. நிருவாகத்துக்கு உட்படும் மக்கள் அந்நூலில் இடம்பெறுகின்றனரா என்பதையும் நோக்குதல் வேண்டும் என்பது எமது கருத்து.

இரு அத்தியாயங்களைக் கொண்டு இதனைச் சோதிக்கலாம். முதலாவது, ரெயிலரின் விஞ்ஞான முகாமைத்துவம். அவரது நூல் வெளிவந்த 1911ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவின் வாட்டர்ரவுண் படைக்கலச் சாலையின் வார்ப்புத் தொழிலாளர், தம் வேலை கடிகாரங்கொண்டு அளக்கப்படுவதை எதிர்த்து வேலைநிறுத்தஞ் செய்தனர். அமெரிக்கக் காங்கிரசின் குழுவொன்று ரெயிலரின் முறையை விசாரித்தது. இதனைக் கூறாது அவரது தத்துவங்களை மட்டும் வரிசைப்படுத்தும் நூல், கோட்பாட்டை முதலாளியின் பார்வையிலேயே கற்பிக்கின்றது.

இரண்டாவது, 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம். ராஜஸ்தானில் 1990இல் உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், 1994 முதல் பொது விசாரணைகளை நடத்தியது. கூலிப் பட்டியலில் எழுதப்பட்ட தொகைக்கும் உழைத்தவர் கையிற் கிடைத்த தொகைக்குமுள்ள வேறுபாடு அங்கு ஊரறிய வாசிக்கப்பட்டது. சட்டத்தின் பிரிவுகளை மட்டுந் தருகின்ற நூல், அப்போராட்டத்தின் பயனை அரசின் கொடையாகத் தோன்றச் செய்துவிடும்.

இந்நோக்கிற் பார்க்குமிடத்து, ரவீந்திர பிரசாத் முதலியோர் பதிப்பித்த சிந்தனையாளர் பற்றிய தொகுதியும், துறையின் மாறும் போக்குகளை விவாதிக்கும் மோகித் பட்டாச்சாரியாவின் எழுத்துக்களும் முதலிற் கற்கத்தக்கவை. 2005இல் அமைக்கப்பட்ட இரண்டாவது நிருவாகச் சீர்திருத்த ஆணைக்குழுவின் 15 அறிக்கைகளிலிருந்து உரியவற்றை இவற்றோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். லக்ஷ்மிகாந்தின் நூல்போலத் தலைப்புவாரியாகச் செய்திகளைத் தொகுப்பவை இறுதி மீள்பார்வைக்கு உதவும். அவற்றை மட்டுமே நம்புதல் தகாது.

தேர்வு சில நாட்களில் முடிந்துவிடும். அதிற் சித்தியெய்தியவரோ பல்லாண்டுகள் மக்களின் மனுக்களுக்கு விடை கூறுவார். மனுக்கொண்டு வருபவரை அவர் உரிமையுடையவராக மதிப்பதும் இரந்து நிற்பவராக எண்ணுவதும் அவர் கற்ற நூலையும் ஓரளவு சார்ந்தனவே. ஆதலின் பாடநூற் தெரிவு தேர்வரின் சொந்த அலுவல் மட்டுமன்று. அது மக்களையும் பாதிப்பதாகும்.