‘வாக்கு வங்கி’ என்னும் வழக்கு: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு விமர்சனம்

மலையகத் தமிழரின் அரசியல் பற்றி எழுதுவோர் பலரிடத்தும் ‘வாக்கு வங்கி’ என்னும் தொடர் ஆராயப்படாமலே வழங்கி வருகின்றது. தொழிற்சங்கத் தலைமை சுட்டிய சின்னத்திற்குத் தோட்டத் தொழிலாளர் கேள்வியின்றிப் புள்ளடியிடுவர் என்பதும், அத்தலைமை ஆளுங்கட்சியின் பக்கமே நிற்கும் என்பதும், ஆதலின் நீண்டகால ஒருகட்சி ஆதிக்கத்திற்கு இம்மக்களும் பொறுப்பாளிகளே என்பதும் இத்தொடரினுள் அடங்கிய கருத்துக்களாம். பதுளை மாவட்டத்தின் தேர்தல் வரலாற்றை நுணுகி நோக்குமிடத்து இவை அரை உண்மைகளே என்பது புலனாகும்.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது; அவற்றுள் பதுளையும் ஒன்று. வேறு தொகுதிகளில் தோட்டத்து வாக்குகள் இடதுசாரி வேட்பாளருக்குத் துணைநின்றன. 95 ஆசனங்களுள் 42ஐ மட்டுமே வென்ற ஐக்கிய தேசியக் கட்சி இதனை மறக்கவில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் இம்மக்களுட் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பினின்றும் நீக்கின. 1952இல் அக்காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. ஆள்வோர் சொற்கேட்டு வாக்களிக்கும் கூட்டமாயின், அவ்வாக்கை ஆள்வோரே பறிக்க வேண்டிய தேவை யாது?

1977இல் நிலைமை மாறியது. 168 ஆசனங்களுள் 140ஐக் கைப்பற்றிய ஐக்கிய தேசியக் கட்சி, 1982 டிசம்பரில் நடத்திய சர்வசன வாக்கெடுப்பின் மூலம் பொதுத் தேர்தலின்றியே பாராளுமன்றத்தின் ஆயுளை 6 ஆண்டுகள் நீடித்துக்கொண்டது. 1978இல் அமைச்சரான சௌ. தொண்டமானின் தலைமையில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தோட்டத்து வாக்குகளை அரசின்பாற் சேர்த்தமை மறுக்கவியலாதது. எனினும் அதனைக் கண்மூடிய பணிவெனல் பொருந்தாது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 1988இல், சனாதிபதித் தேர்தலை அண்டியே நிறைவேறியது. உரிமைப் பத்திரத்திற்காக நாற்பதாண்டுகள் காத்திருந்த மக்கள், அதனைப் பெற்றுத்தரவல்ல தலைமையைப் பின்பற்றியமை அறியாமையன்று. இழந்ததை மீட்பதற்கான பேரமேயாகும்.

பதினேழாண்டு ஆட்சி 1994 ஆகஸ்டில் முடிவுற்றது. அவ்வாண்டு நவம்பரில் நிகழ்ந்த சனாதிபதித் தேர்தலில் சந்திரிகா குமாரதுங்க நாட்டின் ஒரேயொரு தேர்தற் தொகுதியில் மட்டுமே தோல்வி கண்டார். அத்தொகுதி பதுளை மாவட்டத்திலேயே உள்ளது. ஆயின் அது தேயிலை மலையன்று, சிங்கள விவசாயிகள் பெரும்பான்மையாக வாழும் மகியங்கனை. பழைய ஆளுங்கட்சியை இறுதிவரை கைவிடாத அக்கிராமங்களை எவரும் ‘வாக்கு வங்கி’ என்பதில்லை, கட்சிப்பற்று என்பர். ஒரே செயல் கிராமத்தவனிடத்துப் பற்றாகவும் தோட்டத்தவனிடத்து மந்தைத்தனமாகவும் பெயர் பெறுமாயின், குறை செயலில் அன்று, பெயரிடுவோர் நோக்கிலேயே உளது.

2014 செப்டெம்பரில் ஊவா மாகாண சபைத் தேர்தல் நடைபெற்றது. ஆளுந்தரப்பு வென்றதாயினும் அதன் பலம் பெரிதும் தேய்ந்திருந்தது. அடுத்த மாதம் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களின் மீது மலை சரிந்தது. அந்நிலம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே குடியிருந்தனர். 2015 சனவரியில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் மகிந்த ராஜபக்ஷவை ஆதரித்தது. வேறு சில மலையகத் தலைமைகள் மறுபக்கம் சென்றன. தோட்டங்கள் மிகுந்த நுவரெலியா மாவட்டம் மைத்திரிபால சிறிசேனவுக்கு 63 சதவீதத்திற்கு மேற்பட்ட வாக்குகளை அளித்தது. பதுளை மாவட்டத்தை அவர் 281 வாக்குகளால் வென்றார். அவ்வாக்குகளுள் லயன்களிலிருந்து வந்தவை எத்துணை என மாவட்டப் பெறுபேற்றைக் கொண்டு பிரித்தறிதல் இயலாது. ஆயினும், இத்துணைச் சிறிய இடைவெளியில் ஒவ்வொரு தோட்டத்து வாக்கும் தனித்தனியே பெறுமதி பெற்றது என்பதும், தலைமையின் ஆணை மட்டும் வாக்கைத் தீர்மானிக்கவில்லை என்பதும் தெளிவு.

2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 225இல் 159 ஆசனங்களையும், பதுளையில் 9இல் 6ஐயும் பெற்றது. பதுளையில் அதன் சார்பில் தெரிவானோருள் மலையகத் தமிழ்ப் பெண்ணொருவரும் இருந்தமை குறிப்பிடத்தக்கது. எனினும், மூன்றில் இரண்டைக் கடந்த இப்பெரும்பான்மையும் 1977ஐ நினைவூட்டாமற் போகாது. வாக்கு மாறியது போல் லயன் அறையும், காணியுரிமையற்ற வாழ்வும் மாறினவா என்பதே எவ்வாட்சியையும் அளக்கும் கோலாதல் வேண்டும்.

வங்கியில் இட்ட பணம் இட்டவனுக்கே உரியது. காப்பாளன் அதற்கு உடைமையாளனல்லன். அத்தொடரைக் கையாள்வோர் இவ்வெளிய உண்மையையேனும் மனங்கொள்ளல் வேண்டும்.