திரை இங்கே, புரோகிராம் அங்கே

1990-களில் யூனிக்ஸ் ஒர்க்ஸ்டேஷனின் விலை ஆளுக்கொன்று வாங்கும்படி இருக்கவில்லை. பொறியியல் நிறுவனங்களும் ஆய்வுக்கூடங்களும் ஏற்கெனவே மேசையில் இருந்த பிசியில் ஹம்மிங்பேர்டின் எக்ஸீட் போன்ற ஓர் எக்ஸ் சர்வரை நிறுவிக்கொண்டன. அடுத்த கட்டடத்து யூனிக்ஸ் கணினியில் ஓடும் புரோகிராமின் ஜன்னல், விண்டோஸ் திரையில் வேர்டுக்குப் பக்கத்திலேயே திறந்தது. இதைச் செலவு குறைக்கும் உத்தி என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது நியாயமில்லை. இதற்குப் பின்னால் ஓர் அருமையான வடிவமைப்பு இருக்கிறது.

1984-இல் எம்.ஐ.டி.யில் பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் தொடங்கிய எக்ஸ் விண்டோ முறை, புரோகிராம் ஓடும் இடமும் படம் வரையப்படும் இடமும் வேறுவேறாக இருக்கலாம் என்பதை அடித்தளத்திலேயே ஏற்றது. ‘இங்கே கோடு போடு’, ‘இந்த எழுத்துருவில் இதை எழுது’ போன்ற கட்டளைகள்தான் பெரும்பாலும் நெட்வொர்க்கில் வந்தன. வரைவது பிசியில் நிறுவிய எக்ஸ் சர்வரின் பொறுப்பு. அதனால் 10 மெகாபிட் ஈதர்நெட்டே போதுமானதாக இருந்தது. மூன்று வெவ்வேறு கணினிகளின் ஜன்னல்கள்கூட ஒரே திரையில் கலந்து நிற்க முடிந்தது.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு: மூன்று பொத்தான் மவுஸை எதிர்பார்க்கும் புரோகிராமுக்கு இரண்டு பொத்தான் பிசி மவுஸ், பிசியில் இல்லாத எழுத்துரு. இவற்றைச் சமாளித்துவிடலாம்.

சமாளிக்க முடியாதது காத்திருப்பு. பல புரோகிராம்கள் திறக்கும்போதே எக்ஸ் சர்வரிடம் கேள்வி கேட்டு, பதில் வந்த பிறகே அடுத்ததைக் கேட்கின்றன. அப்படி 200 கேள்விகள் என்று வைத்துக்கொள்வோம். போய்வர 1 மில்லிசெகண்ட் ஆகும் அலுவலக நெட்வொர்க்கில் யாரும் கவனிக்க மாட்டார்கள். 100 மில்லிசெகண்ட் ஆகும் தொலைதூர இணைப்பில் ஜன்னல் திறக்க 20 விநாடி. எவ்வளவு வேகமான இணைப்பு வாங்கினாலும் தூரம் குறையாது. பிற்கால மென்பொருள்கள் கோடுகளையும் எழுத்துகளையும் தாங்களே வரைந்து பிம்பமாக அனுப்பத் தொடங்கியதும், கட்டளை மட்டும் போதும் என்ற பழைய சிக்கனமும் போயிற்று.

இணைப்பு அறுந்தால் புரோகிராமும் பொதுவாகச் செத்துவிடும் என்பது இன்னும் கொடிது. சேமிக்காத வரைபடம் கேபிளோடு போய்விடும். 1998-இல் வந்த விஎன்சி என்ற மென்பொருள் முழுத் திரையையும் பிம்பமாக அனுப்புவதால் நெகிழ்வு குறைந்ததுதான். ஆனால் வேலை தொலைவிலேயே உயிரோடு இருக்கும், வேறொரு பிசியிலிருந்தும் தொடரலாம்.

பாதுகாப்பு பற்றியும் எனக்குக் கடும் மனக்குறை உண்டு. அனுமதிச் சிக்கலைத் தவிர்க்க, எந்தக் கணினியும் இணையலாம் என்று எக்ஸ் சர்வரைத் திறந்துவிடும் பழக்கம் பரவியிருந்தது. அப்படி இணைந்த எந்தப் புரோகிராமும் மற்ற எக்ஸ் ஜன்னல்களில் தட்டும் எழுத்துகளைப் படிக்கலாம். கடவுச்சொல்லும் அதில் அடங்கும். 1995-இல் வந்த எஸ்எஸ்ஹெச், இணைப்பைக் குறியாக்கி வழியைப் பூட்டியது. ஆனால் முழு நம்பிக்கை கொடுத்து இணைக்கும்போது, மறுமுனைக் கணினி ஊடுருவப்பட்டால் அந்தப் பூட்டால் பயனில்லை.

ஒரே கட்டடத்துக்குள், நம்பகமான கணினிகளுக்கிடையே, சிறு ஜன்னல்களுக்கு இந்த முறையை இன்றும் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஊர்விட்டு ஊர் நாள்முழுதும் செய்யும் வேலைக்கு விஎன்சி போன்றதே சரி.