ஒளியில் மண்டியிடும் குடும்பம்

தேவாலயச் சாளரத்தில், புனிதருக்குரிய இடத்தில் பணம் கொடுத்தவரும் அவர் மனைவி மக்களும் மண்டியிட்டிருப்பதைப் பார்த்தால் பலர் முகம் சுளிப்பார்கள். இடைக்காலக் கண்ணாடியில் அடிமூலையில் ஒடுங்கியிருந்த உபயதாரர், 16ஆம் நூற்றாண்டில் புனிதருக்குச் சமமாக வளர்ந்துவிட்டார் என்பது உண்மைதான். அதைப் பணச்செருக்கு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. சாவு பிரித்த குடும்பத்தை ஒரே வரிசையில் சேர்த்துவைக்கும் ஆசையும் அந்த உருவங்களைப் பெரிதாக்கியது என்பது என் கட்சி. பிரஸ்ஸல்ஸ் பேராலயத்தில் ஓவியர் பெர்னார்ட் வான் ஓர்லே வடிவமைத்த இரண்டு மாபெரும் சாளரங்கள் எதிரெதிரே இருக்கின்றன. வடக்கே, 1537இல் அமைத்ததில், பேரரசர் ஐந்தாம் சார்லசும் அவர் மனைவி இசபெல்லாவும் வெற்றி வளைவின்கீழ் மண்டியிடுகிறார்கள். தெற்கே, 1538ஆம் ஆண்டுச் சாளரத்தில், சார்லசின் தங்கை மேரி தன் கணவர் ஹங்கேரி அரசர் இரண்டாம் லூயியோடு இருக்கிறார். லூயி 1526இலேயே மொஹாச் போரில் தோற்று மாண்டவர். மேரி அப்போது நெதர்லாந்தை ஆண்டுகொண்டிருந்த கைம்பெண். இது சார்லசும் மேரியும் பிறந்த ஹாப்ஸ்பர்க் குலத்தின் அரசியல் என்பார்கள். லூயியின் சாவால்தான் அந்தக் குலம் ஹங்கேரி முடிக்கு உரிமை கொண்டாடியது, ஆகவே அவரை நினைவூட்டுவதில் லாபம் உண்டு. ஆனால் அதற்குக் குலச்சின்னமே போதுமே! மனைவியோடு சேர்ந்து ஜெபிக்கும் கணவர் எதற்கு?

எண்ணெய் ஓவியத்தில் வரும் முகச்சாயல் கண்ணாடியில் வராது என்பது இன்னொரு குறை. இங்கே முகம் உருவாகும் விதமே வேறு. சிறு கண்ணாடித் துண்டின்மேல் பழுப்புச் சாயத்தைப் பூசி, காய்ந்ததும் விறைப்பான தூரிகையாலும் கூர்ந்த குச்சியாலும் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றுவார்கள். அகற்றிய இடத்தில், நெற்றியிலும் மூக்குத் தண்டிலும், வெளிச்சம் ஊடுருவும். வெள்ளிச் சேர்மத்தைப் பின்புறம் பூசிச் சூளையில் சுட்டால் தலைமுடி அதே துண்டில் பொன்னிறமாகிவிடும். முகத்துக்கும் முடிக்கும் நடுவே ஈயப் பட்டை ஓட வேண்டியதில்லை. எக்குவான் கோட்டையிலிருந்து வந்து இப்போது ஷான்டியி கோட்டைச் சிற்றாலயத்தில் இருக்கும் 1544ஆம் ஆண்டுச் சாளரங்களில், பிரெஞ்சுப் பிரபு ஆன் டி மோன்மோரன்சியின் மகன்கள் ஒன்றிலும் மகள்கள் இன்னொன்றிலும் மண்டியிடுகிறார்கள். யார் முகம் யாருடையது என்று தேடுவதைவிட, அந்த வரிசையை வரிசையாகவே பார்ப்பதில்தான் எனக்கு நிறைவு. தலைக்குப் பின் தலையாக ஒரு குலமே அங்கு ஒளியில் நிற்கிறது.

இந்தச் சாளரங்களில் செருக்கை மட்டுமே கண்டிருந்தால் உபயதாரரின் பகைவர்கள் சும்மா விட்டிருப்பார்களா? நெதர்லாந்தின் கௌடா நகரத்துப் புனித யோவான் ஆலயத்துக்கு 1557இல் ஸ்பெயினின் இரண்டாம் பிலிப் அளித்த சாளரத்தில், அவரும் அவர் மனைவி மேரி டியூடரும் இறுதி இரா உணவின்முன் மண்டியிடுகிறார்கள். 1572இல் நகரம் பிலிப்புக்கு எதிரான பக்கம் சேர்ந்தது. ஆலயமும் சீர்திருத்த சபையின் கைக்குப் போனது. பிலிப்பும் மேரியும் இன்றும் அங்கேயே இருக்கிறார்கள்.