மூக்கில் இருக்கிறது தேன்: ஸ்லீமன் ஹனி பிரவுன் லாகர்

பெயரில் தேன் இருக்கிறதே, இனிக்கும் என்று நம்பித்தான் முதலில் வாங்கினேன். இனிக்கவில்லை. அதுதான் இந்த பியரின் அழகு என்பது இப்போது என் கட்சி.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் குவெல்ஃப் நகரத்துத் தயாரிப்பு இது. ஸ்லீமன் குடும்பத்தின் பியர்க் கதை 1834இல் தொடங்குகிறது. 1933இல் உரிமம் போய் ஆலை மூடிக்கிடந்து, 1988இல் அதே குடும்பத்து வாரிசு ஒருவர் கையில் மறுபடி உயிர்பெற்றது. ஆல்கஹால் 5.2 சதவீதம்.

இரண்டு கிளாஸ் எடுத்துக்கொண்டேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஒன்றில் ஊற்றி, சமையலறை வெப்பமானியை வைத்தால் 4 டிகிரி. ஈரத் தானிய வாசனை, சில்லென்று குமிழ், கொஞ்சம் கசப்பு, அவ்வளவுதான். இரண்டாவதை மேசையிலேயே விட்டு, 9 டிகிரி வந்தபின் எடுத்தேன். மூக்கருகே கொண்டுபோகும்போதே வறுத்த ரொட்டியின் ஓர மணம். அதற்குப் பின்னால், தேனடையைப் பிட்ட விரலில் ஒட்டியிருக்குமே, அந்த மெழுகு வாசம். நாக்கில் முதலில் காய்ச்சிய சர்க்கரைப்பாகு போல மால்ட். நடுவே ஒரு நொடி தேன். முடிவில் மெல்லிய கசப்பு.

தேனில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. பெரும்பகுதி ஃபிரக்டோஸும் குளுக்கோஸும். ஈஸ்ட் இவற்றைக் கிட்டத்தட்ட ஒட்டத் தின்றுவிடும். மால்ட்டிலோ ஈஸ்டால் செரிக்க முடியாத சர்க்கரை மிஞ்சும். பியருக்குக் கனம் தருவது அதுதான். ஆகவே தேனின் இனிப்பெல்லாம் ஆல்கஹாலாகிப் போக, மணம் மட்டும் தங்குகிறது. நெடுநேரம் கொதிக்கவைத்தால் அதுவும் ஆவியோடு போய்விடும். கடுங்குளிரில் மணம் மேலெழும்பாது. நான்கு டிகிரியில் குடிப்பவருக்குத் தேன் கிடைக்காமல் போவது இதனால்தான்.

பாட்டில் நிறமற்ற கண்ணாடி. எந்த பியரானாலும், ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் வெளிச்சத்தில் சிதைந்தால் ஸ்கங்க் விலங்கின் நாற்றத்தைப் போன்ற ஒரு கந்தகச் சேர்மம் உண்டாகும். ஜன்னலோரம் வைக்கவே கூடாது. கடையில் மூடிய பெட்டியாகவே வாங்குங்கள்.

இன்னொன்று: ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்று பக்கத்தில் தேனை வைத்து நக்காதீர்கள். அடுத்த வாய் பியர் வெறும் கசப்பாகத்தான் தெரியும்.

மறுநாள் ஸ்கார்பரோவில் தமிழ்க் கடையொன்றில் வாங்கிய மட்டன் ரோல்ஸோடு குடித்தேன். பொரிந்த தோலும் மால்ட்டின் வறுவல் மணமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மிளகுக் காரம் அடங்கும் நேரத்தில் அந்த ஒரு நொடித் தேன், மூன்று நான்கு நொடி நின்றது.