மூன்று நிமிடப் பாட்டும் மூன்று மணிக் கச்சேரியும்

இசைவாணர் வரலாறு எழுதுவோர் எம். எல். வசந்தகுமாரியைப் பற்றி எழுதப் புகுந்தால், அவர் 1928ஆம் ஆண்டு கூத்தனூர் ஐயாசாமி ஐயருக்கும் லலிதாங்கிக்கும் மகளாய்ப் பிறந்தது, ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் மாணாக்கியானது, 1967இல் பத்மபூஷணும் 1977இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டமும் பெற்றது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவர். இடையில் ஒரே ஒரு வரி வரும். திரைப்படங்களிலும் அவர் பாடியதுண்டு என்பது அவ்வரி. வேண்டாத விருந்தினரை வாயிற்படியோடு அனுப்பிவிட்டவர்போல் மறுபடியும் மேடைக் கச்சேரிக்குத் திரும்பிவிடுவர்.

ஜொகூர்த் தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழருக்கோ அந்த ஒரு வரிதான் வசந்தகுமாரி. சபாக்கள் சென்னையில் இருந்தன. கூலாயிலும் குளுவாங்கிலும் சிகாமட்டிலும் பால்மரம் சீவியவர்கள் இசை கேட்ட இடங்கள் வேறு. தோட்டத்துத் திடலில் கட்டிய வெள்ளைத் திரை ஒன்று, வானொலி மற்றொன்று, கலியாண வீட்டில் சுழன்ற இசைத்தட்டு இன்னொன்று. அவ்வரி அற்பமானது என்றால், லயத்து மக்கள் அறிந்த இசையும் அற்பமானது என்றாகிறது. ஆகவே அதைச் சற்று நின்று பார்ப்பது தகும்.

வசந்தகுமாரி 1948இல் தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' வாயிலாகத் திரையிசைக்கு வந்தார். அந்நாளில் கர்நாடக இசைவாணிகள் திரையுலகை எட்டத்தில் வைத்தே பழகினர். எம். எஸ். சுப்புலட்சுமி 'மீரா'வோடு நடிப்பை நிறுத்திக்கொண்டார். டி. கே. பட்டம்மாள் தேசபக்திப் பாடலும் தெய்வப் பாடலும் அன்றி வேறு பாட இசையவில்லை. வசந்தகுமாரி மட்டும் அத்தகைய வேலி எதையும் போட்டுக்கொள்ளவில்லை. அவருடைய ஆசான் ஜி. என். பி. தாமே 'பாமா விஜயம்', 'சகுந்தலை' முதலிய படங்களில் நடித்தவர் என்பதையும் இங்கே மறத்தலாகாது.

1951இல் வெளிவந்த 'ஓர் இரவு' ஒன்றே இதற்குப் போதிய சான்று. அப்படத்தில் அவர் பாடிய நாடோடிப் பாட்டின் மெட்டு, 'சமாதி' என்னும் இந்திப் படத்திலிருந்து வந்தது. இந்திக்கோ அது அமெரிக்கப் பாட்டு ஒன்றிலிருந்து வந்தது. கடன் வாங்கியதைக் கடன் வாங்கிய கதை! அதே படத்தில், வி. ஜே. வர்மாவுடன் சேர்ந்து, யாழெடுத்து இன்பம் சேர்க்குமாறு வேண்டும் பாரதிதாசன் பாடலையும் அவர் பாடினார். தேஷ் ராகத்தில் அமைந்த அப்பாட்டில் அவர் ஒரு சங்கதியைக்கூட மிகையாகப் போடவில்லை. கச்சேரி மேடையில் மின்னல்போல் பிருகாக்களைப் பொழியும் அதே தொண்டை இங்கே அடங்கி நிற்கிறது. சொல்லுக்கு வழிவிட்டு இசை ஒதுங்கி நிற்பது எப்படி என்று காட்ட விரும்பும் ஆசிரியர் எவரும் இதனைவிட நல்ல பாடம் தேடவேண்டுவதில்லை.

அதே ஆண்டில் வந்த 'மணமகள்' மேலும் ஒரு படி சென்றது. பாரதியார் கண்ணம்மாவைக் கிளியாக்கிப் பாடிய பாட்டுக்கு சி. ஆர். சுப்பராமன் ராகமாலிகையாக மெட்டமைத்தார், வி. என். சுந்தரமும் வசந்தகுமாரியும் பாடினர். திரைக்கென்று பிறந்த அந்த மெட்டு பின்னர்க் கச்சேரி மேடைக்கும் ஏறிவிட்டது. சபாவிலிருந்து திரைக்கு இசை இறங்கிவந்தது என்போர், திரையிலிருந்து சபாவுக்கு ஏறிய இசைக்கும் கணக்கு வைக்கவேண்டும்.

எனினும் அவருடைய திரைப்பாடல்களில் தலையாயது எதுவென்றால், 1956இல் வந்த 'மதுரை வீர'னில் பத்மினியின் ஆடலுக்கு ஜி. ராமநாதன் அமைத்த 'ஆடல் காணீரோ' என்னும் சாருகேசிப் பாட்டே எனலாம். சாருகேசி 26ஆவது மேளம். அதன் முற்பாதி சங்கராபரணத்தின் மலர்ச்சி உடையது. பிற்பாதியோ தோடியின் ஏக்கம் உடையது. மலர்ந்த முகம் சட்டென வாடுவதுபோன்ற இம்மாற்றத்தை விளக்கக் கச்சேரியில் அரைமணி ஆலாபனை வேண்டும். இசைத்தட்டிலோ சில நிமிடங்களே உண்டு. ஆலாபனையில் செய்வதைச் சொற்களின் இடைவெளியிலேயே செய்து முடிக்கிறார் அவர். ராகத்தின் பெயரறியாத பாட்டியும் அதன் உருவத்தை அறிந்து முணுமுணுத்தது இதனால்தான். பெயர் தெரிந்தும் உருவம் தெரியாத இரசிகர் நகரங்களில் உண்டு. அது வேறு கதை.

குறை இல்லாமலில்லை. பாத்திரத்திற்கேற்பக் குரலை மாற்றிக்கொள்வது அவருக்குக் கைவரவில்லை. யாருக்குப் பாடினாலும் கேட்பது வசந்தகுமாரியே. ஆடல் பாட்டுக்கும் அரசவைப் பாட்டுக்கும் இது பொருந்தும். 1960இல் 'ராஜா தேசிங்கு'வில் திருமாலின் அவதாரங்களை அவர் ராகமாலிகையாய்ப் பாடியது இன்றும் நாட்டிய மேடைகளில் வாழ்கிறது. ஆனால் வீட்டுக்குள் அழும் பெண்ணுக்கும், தோழியிடம் நாணும் பெண்ணுக்கும் பி. சுசீலாவின் குரலே இயல்பாயிற்று. அறுபதுகளில் விசுவநாதன்-ராமமூர்த்தியின் மெல்லிசை ஓங்கியபோது வசந்தகுமாரியின் திரைப்பாடல்கள் அருகியதை அநீதி என்று சொல்வதற்கில்லை. கலை வேறு குரலைக் கேட்டது, அவ்வளவே.

திரை அவரை விட்ட பின்னும் மேடை அவரை விடவில்லை. தாயார் லலிதாங்கி வழிவந்த புரந்தரதாசர் பதங்களைத் தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் நிலைபெறச் செய்ததில் அவருக்குப் பெரும்பங்குண்டு. திரையில் பாடியது குரலைக் கெடுத்தது என்று கருதுவோர், மியூசிக் அகாடமி 1977இல் அவருக்கு அளித்த பட்டத்தை எவ்வாறு விளக்குவரோ தெரியவில்லை. 1990 அக்டோபர் 31ஆம் நாள் அவர் மறைந்தார். அவர்தம் மாணாக்கியருள் ஒருவரான சுதா ரகுநாதன் 2013இல் அதே பட்டத்தைப் பெற்றார். அவரும் திரையில் பாடியவரே.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன; மரங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புகள் எழுந்தன; லயத்து மக்கள் நகரோரங்களுக்குப் பெயர்ந்தனர். மார்கழி அதிகாலையில் கோயில் ஒலிபெருக்கிகளில் கேட்கும் திருப்பாவைகளுள் வசந்தகுமாரி பாடியதும் ஒன்று. சபாவின் வாசலைக் காணாத அவர்கள் அக்குரலைக் கேட்ட மாத்திரத்தில் இன்னார் என்று சொல்லிவிடுவார்கள்.