மழைக்குத்தான் பிட் அதிகம்

நல்ல சத்தத்தில் படம் பார்க்க அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூரு மால்களுக்குப் போகிறவர்கள் ஓசூரில் நிறைய. வீட்டிலேயே ப்ளூ-ரே பிளேயரும் 5.1 ஸ்பீக்கரும் வைத்திருப்பவர்களுக்கு, அந்த டிஸ்க்குக்குள் ஒலியை ஏற்றிய மென்பொருளையும் கொஞ்சம் ரசிக்கலாமே என்று சொல்லத்தான் இது.

1996-ல் ‘கருப்பு ரோஜா’ படம் டிடிஎஸ் ஒலியில் வந்தபோது படச்சுருளில் நேரக்குறிதான் இருந்தது; ஒலி தனியாக சிடி-ராமில் ஓடியது. அது தகவலில் ஒரு பகுதியைக் கழித்துச் சுருக்கிய ஒலி. எதையும் கழிக்காமல் சுருக்குவது வேறு வித்தை. ஆறு சேனல், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 1 கோடியே 38 லட்சம் பிட். 2000-ல் கடைக்கு வந்த டிவிடி-ஆடியோ தாங்குவதோ 96 லட்சம். இந்த இடைவெளியை அடைத்தது, இங்கிலாந்தின் மெரிடியன் நிறுவனத்துக்காக பாப் ஸ்டூவர்ட், மைக்கேல் கெர்சன், பீட்டர் கிரேவன் உள்ளிட்டோர் உருவாக்கிய எம்எல்பி என்ற, எதையும் கழிக்காத சுருக்கும் முறை. ப்ளூ-ரேயின் டால்பி ட்ரூஹெச்டி அதன் வாரிசு.

ஒலியின் முந்தைய எண்களைப் பார்த்து அடுத்த எண்ணை ஊகிக்கிறது, சுருக்கும் மென்பொருளான என்கோடர். ஊகத்துக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கிறது. பிளேயரும் அதே ஊகத்தைச் செய்து, வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்கிறது. மைக்ரோமீட்டர் பிடித்துப் பழகிய சிப்காட் ஆட்களுக்கு ஒரே வரியில் சொன்னால், டாலரன்ஸ் பூஜ்யம்.

ரசனைக்கு இடம் இங்கேதான். சில பிளேயர்களில் டிஸ்ப்ளே பட்டனை அழுத்தினால் ஒலியின் பிட்ரேட் திரையில் ஓடும். வசனம் மட்டும் உள்ள காட்சியில் அது படுத்துக்கிடக்கும். வீணையின் நீண்ட மீட்டலை மென்பொருள் சுலபமாக ஊகித்துவிடும். மழை கொட்டட்டும், கூட்டம் கைதட்டட்டும், எண் ஏறும். அடுத்த துளி எங்கே விழும் என்று யாரால் ஊகிக்க முடியும்? காதால் மழையையும் கண்ணால் அந்த எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

அதற்கு முன் ஒயரைப் பாருங்கள். ஆப்டிகல் கேபிளில் ட்ரூஹெச்டி போகாது. டிவி வழியாக என்றால் சாதாரண ஏஆர்சி போதாது, இ-ஏஆர்சி வேண்டும். இல்லாவிட்டால் டிஸ்க்கில் துணைக்கு இருக்கும் சாதா டால்பி டிஜிட்டல் ஓடும். எதையும் கழிக்காத இன்னொரு வகையான டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோவிலும் பழைய டிடிஎஸ் உள்ளேயே இருக்கிறது. சத்தம் வருவதால் ஏமாந்தது தெரியாது! ரிசீவரின் முகப்பில் என்ன பெயர் எரிகிறது என்பதுதான் சாட்சி.

நெடுஞ்சாலை ஓரம் வீடு என்றால் லாரிகள் கொஞ்சம் ஓயும் இரவில் கேளுங்கள். கோயில் மணி அடித்து அடங்கும் அந்த வால் பகுதி, பின் ஸ்பீக்கரில் மெலிதாகத் தேயும் எதிரொலி போன்ற இடங்களில் காதை வையுங்கள். ட்ரூஹெச்டி, டால்பி டிஜிட்டல் ஆகிய இரண்டு டிராக்கை ஒப்பிடும்போது வால்யூமைச் சமமாக்குங்கள். சத்தம் கூடினாலே காது அதை நல்லது என்று எடுத்துக்கொள்ளும். சமமாக்கிய பிறகு, 640 கிலோபிட் டால்பி டிஜிட்டலிலிருந்து பல காட்சிகளில் வித்தியாசம் பிடிபடாமலும் போகலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று, இந்த மென்பொருள் எதையும் அழகாக்காது. மிக்ஸிங்கில் இசைக்கு அடியில் வசனம் அமுங்கியிருந்தால், அமுங்கியபடியே பிட் பிசகாமல் வீட்டுக்கு வரும்.